உறுப்புகள் ஒன்று, முடிவு வேறு: திருமந்திர யோகமும் பதஞ்சலி யோகமும்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் பதஞ்சலியின் யோகசூத்திரத்திற்குத் தமிழ் வடிவமாகக் கொள்ளும் போக்கு உண்டு. இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளும் இரு நூல்களிலும் ஒரே வரிசையில் நிற்பது அதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். எனினும், பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது.

உடம்பைப் பற்றிய நோக்கிலேயே வேறுபாடு தொடங்குகிறது. தூய்மை பேணுவோனுக்குத் தன் உடம்பின்மீதே அருவருப்புத் தோன்றும் என்பது யோகசூத்திரத்தின் இரண்டாம் பாதம், 40ஆம் சூத்திரத்தின் கருத்து. திருமூலரோ, முன்பு இழிவெனக் கருதிய உடம்பினுள் இறைவன் உறைவதைக் கண்டு, அதனைப் பேணலானதாகக் கூறுகிறார். பதஞ்சலியும் மூன்றாம் பாதத்தில் உடலின் வனப்பையும் வலிமையையும் பேசுகிறார் என்பது மெய்யே. ஆயின் அவை பூதங்களை வென்றதன் பயன்கள். உடம்பு இறைவன் உறையும் இடம் என்னும் கருத்து அங்கு இல்லை.

இவ்வேறுபாடு முடிந்த முடிபில் முழுமை பெறுகிறது. சாங்கியத்தைத் தழுவிய பதஞ்சலிக்குக் கைவல்யம் என்பது புருடன் பிரகிருதியினின்று நீங்கித் தனித்திருத்தல். 11ஆம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை செய்த போசராசன், யோகம் என்பதற்குப் பிரிவு என்றே பொருள் விரித்தான். திருமூலருக்குச் சமாதி சிவத்தோடு கூடுதல். ஒரே சொல் ஓரிடத்தில் பிரிவையும் மற்றோரிடத்தில் கூடலையும் குறிக்கிறது.

ஆகவே, சூத்திர உரைகளை மட்டுமே துணைக்கொண்டு மூன்றாம் தந்திரத்தை மொழிபெயர்ப்போர் எட்டு உறுப்புகளையும் பிழையின்றிப் பெயர்த்துவிடலாம். அவ்வுறுப்புகள் எதனை நோக்கிச் செல்கின்றன என்பதை மட்டும் தவறவிடுவர்.