முன்பணம் தரும் நிம்மதி எத்தனை நாளுக்கு?

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் பல சிறியவை. மாஸ்டர் வீவர் நூல் கொடுப்பார், தறி வைத்திருப்பவர் கூலிக்கு நெய்து கொடுப்பார், அந்தக் கூலிக்குள்தான் தறி ஓட்டுகிறவருக்கும் கூலி. இப்படிப்பட்ட இடத்தில் ஆளைத் தக்கவைக்கவும் அவர் மனம் சோராமல் பார்த்துக்கொள்ளவும் உரிமையாளர் கையில் இருப்பவை இரண்டுதான்: பண்டிகை போனஸ், முன்பணம். போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை வந்து செலவாகிவிடும். முன்பணம் ஆண்டு முழுக்கக் கூடவே இருக்கும். அதனால் அதைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மனைவிக்கு அறுவை சிகிச்சை, தங்கைக்குக் கல்யாணம். இவற்றுக்கு ஈடு கேட்காமல், வட்டி கேட்காமல், கேட்ட அன்றே பணம் தருகிறவர் தறிக்கூட உரிமையாளர்தான். அந்தக் கதவு மூடியிருந்தால் அடுத்து எங்கே போவார்கள்? கந்துவட்டிக்காரரிடம்தான். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில், இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஒரு கிராமத்துக் கூலிக் குடும்பம், குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தது. காரணம் கந்துவட்டி. அந்த வட்டாரத்தில் வட்டியில்லாத முன்பணம் ஓர் உயிர்க்காப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேடு, கடன் தீராமல் நீளும்போது தொடங்குகிறது. தறி ஓட்டுகிறவரின் மன அழுத்தம் வெறும் உழைப்பின் களைப்பு அல்ல. நாள் முழுக்கக் காதருகே தறிச் சத்தம், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் இழை அறுந்தாலும் மின்சாரம் போனாலும் நட்டம் அவருக்கே. மாஸ்டர் வீவரிடமிருந்து பாவு நூல் வரத் தாமதமானால் தறி நிற்கும், வருமானமும் நிற்கும். இதையெல்லாம் எதிர்த்துக் கேட்க வாய் திறக்கும்போதுதான் வாங்கிய பணம் குறுக்கே நிற்கிறது. வேறு தறிக்குப் போகவும் முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய கடனை அடைக்க வேண்டும், அப்போது கடன் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. வருமானம் நின்ற வாரங்களில் மறுபடியும் முன்பணம் கேட்கிறார். கூலியாக வந்திருக்க வேண்டியது கடனாக வருகிறது. இந்த வழக்கத்தின் ஆகப்பெரிய குறை இதுவே. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பதைத் தடுக்கவே 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அன்பாகக் கொடுத்த முன்பணமும் கவனிக்காமல் விட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

உரிமையாளரை மட்டும் குற்றவாளியாக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆள் நின்றுவிட்டால் கொடுத்த பணமும் போய்விடுகிறது, தறியும் நிற்கிறது. அவருடைய கூலியே மேலிருந்து வருவது. 2023-ல் விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியது அவருக்குப் பெரிய ஆறுதல். தொழிலாளியின் கையிருப்பில் அதனால் நேரடியாக எதுவும் கூடவில்லை.

முன்பணத்தை அடியோடு நிறுத்தச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தால் போதும். கொடுத்தது, பிடித்தது, மீதி மூன்றும் இருவர் கையிலும் இருக்கும் நோட்டில் ஏற வேண்டும். பிடித்தத்துக்கு வார உச்சவரம்பு வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் மீதியைத் தவணையில் கட்டலாம் என்ற ஒப்புதலும் வேண்டும். இதற்கெல்லாம் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

பாவுக்காகக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி வேண்டும்; ஆனால் அதற்கான செலவு அப்படிச் சிறியதல்ல. அதைச் சிறு உரிமையாளர் தனியாகச் சுமக்க முடியாது. நூல் தருகிறவர்தான் தாமதத்துக்கும் பொறுப்பு; எனவே அந்தத் தொகை அவர் தரும் கூலியிலேயே சேர வேண்டும். கூலி உயர்வுக்கான பேச்சுவார்த்தை மேசையில் சதவீதத்தோடு சேர்த்து இதையும் சங்கங்கள் எழுதிக் கேட்கலாம்.