கூட்டாக்க இணையத்தளங்களின் செல்வாக்கை அளத்தல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003 இலும் நூலகம் எண்ணிம நூலகம் 2005 இலும் தோன்றின. பலர் கூடி, ஊதியம் கருதாது, ஒருவர் இட்டதை மற்றொருவர் திருத்தி வளர்க்கும் இத்தளங்கள் தமிழ்ச் சூழலில் வேரூன்றிவிட்டமை கண்கூடு. ஆயின் அவற்றின் செல்வாக்கைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் எண்களைக் காட்டுவதோடு அமைகின்றனர். கட்டுரைகள் இத்தனை, மாத வருகை இத்தனை, தரவரிசையில் இத்தனையாவது இடம் என்பனவே சான்றுகளாகின்றன. இவ்வெண்கள் யாரை எண்ணுகின்றன, யாரை எண்ணாது விடுகின்றன என்னும் வினாவை, 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தமிழராயிருந்த பதுளை மாவட்டத்தில் நின்று எழுப்ப விழைகின்றோம்.

1996 இல் நிறுவப்பட்ட அலெக்சா நிறுவனத்தின் தரவரிசை, 2022 மே மாதம் நிறுத்தப்படும் வரை, இணையத்தளங்களின் உரைகல்லாகவே கொள்ளப்பட்டது. நெடுங்காலம் அது, தனது கருவிப்பட்டையைக் கணினியிற் பொருத்திக்கொண்டோரின் நடமாட்டத்தை மாதிரியாகக் கொண்டு உலகனைத்தையும் கணித்தது. அத்தகையோர் எவ்வர்க்கத்தினர் என விளக்க வேண்டியதில்லை. பசறையிலோ மடுல்சீமையிலோ லயன் அறையொன்றிற் கைப்பேசி வழி படிக்கும் மாணவி அக்கணக்கில் இடம்பெறவேயில்லை.

கட்டுரை எண்ணிக்கையும் இவ்வாறே ஏமாற்றவல்லது. தமிழ் விக்கிப்பீடியா 2017 இல் ஓரிலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அது பெருமளவு மனித உழைப்பின் பேறு. பிலிப்பைன்சின் செபுவானோ மொழிப் பதிப்போ அறுபது இலட்சத்தையும் கடந்து நிற்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை சுவீடன் நாட்டவர் ஒருவர் இயக்கிய தானியங்கி எழுதியவை. எண் பெருகிற்று; எழுதும் மக்கள் பெருகவில்லை.

விக்கிமீடியா அறக்கட்டளை தானியங்கிகளின் வருகையைப் பிரித்துக் காட்டுவதும், தளத்தை அணுகும் தனித்தனிக் கருவிகளை எண்ணி வெளியிடுவதும் முன்னேற்றமே. எனினும் அங்கும் எண்ணப்படுவது கருவி; மனிதர் அல்லர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 இலும் 2021 இலும், ஊவாவின் மலைப்புறங்களில் அலைத்தொடர்பு தேடிப் பிள்ளைகள் பாறைமீதேறியமை செய்தியாயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி என்ற நிலையில் மூன்று பிள்ளைகளின் வாசிப்பு ஒரு கருவியாகச் சுருங்குகிறது. ஆசிரியர் ஒருவர் பக்கமொன்றைப் படியெடுத்து நாற்பது பேருக்குக் கற்பித்தாலும் கணக்கில் வருகை ஒன்றே.

அளவை நடுநிலையானதன்று என்பதை நம் ஆய்வாளர் பலரினும் கொழுந்து பறிக்கும் பெண் தெளிவாக அறிவாள். தராசு யார் கையில், நிறையிற் கழிப்பது எவ்வளவு, நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேரா அரைப்பேரா என்னும் வினாக்களில் தோட்டத்து ஊதியப் போராட்ட வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. வருகைக் கணக்கும் ஒருவரது தராசே. பார்வையாளரை விளம்பரதாரருக்கு விற்கும் வணிகம் அதனைப் போற்றி வளர்த்தது. விளம்பரமே இடாத இத்தளங்கள் அத்தராசில் தாமே சென்று ஏறி நிற்பது விந்தையாகவே படுகின்றது.

‘மக்கள் விரும்புவது’, ‘மக்கள் தமக்காகத் தாமே ஆக்குவது’ என வெகுசனம் சார்ந்த பண்பாட்டுக்கு இருவேறு பொருளுண்டு என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளிவந்த தமது சொல்லாய்வு நூலிற் பிரித்துக் காட்டினார். வருகைக் கணக்கு முதற்பொருளை மட்டுமே தொடுகிறது. தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை நோக்குக. இவ்வாண்டு பார்த்து நின்றவன் மறுவருடம் ரதியாக வேடங்கட்டுகிறான். பாட்டு வாய்வழியே தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. பார்ப்போர் ஆக்குவோராகும் இம்மாற்றமே கூட்டாக்கத்தின் உயிர்நாடி. ஆதலின், வாசகருள் எத்தனை பேர், எந்த வர்க்கத்திலிருந்து, எழுதுவோராயினர் என்பதே இத்தளங்களிடம் முதலிற் கேட்கத்தக்க கேள்வி.

கேட்டாற் சில தடைகள் வெளிப்படும். விக்கிப்பீடியா வெளியிடப்பட்ட சான்று கோருகின்றது. வதந்தியைத் தடுக்க அவ்விதி வேண்டற்பாலதே. ஆயின் தோட்ட வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழியில் உள்ளது. அச்சேறியதோ பெரிதும் துரைமாரும் கம்பனிகளும் எழுதியது. ஒலிப்பதிவுகளையும் ஆவணமாகக் கொள்ளும் நூலகத்தின் முயற்சி இவ்வகையில் ஒருபடி மேலானது.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோது, அவ்விடம் எங்குள்ளது எனப் பலரும் தேடினர். அத்தகைய தேடல் வருகையாகப் பதிவாகும். ஹாலி-எலவில் ஒரு மாணவன், தன் பாட்டி கொழுந்தெடுத்த மலைக்குத் தொழிலாளர் இட்டு வழங்கிய பெயரைக் கட்டுரையிற் சேர்க்கிறான் எனக் கொள்வோம். சான்றில்லை என அது நீக்கப்படின், அன்றைய வருகைக் கணக்கில் ஓர் எண்ணும் குறைவதில்லை.