குரலும் கையொப்பமும்

யமன் நாட்டுப் பெண்மணி ஒருவர் பொதுவாழ்வில் சற்றே உயர்ந்துவிட்டால் போதும். எழுதுவோர் ஸபாவின் அரசி பில்கீஸையும், கி.பி. 1138இல் மறைந்த ஸுலைஹிய்யா அரசி அர்வாவையும் அழைத்து வந்து இருமருங்கிலும் நிறுத்திவிடுவர். அவ்வரசியரின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அமத்துல் அலீம் அஸ்ஸூஸ்வா அம்மையாரைப் பற்றி எழுதப் புகும் நாம் அவ்வழக்கத்தை விட்டுவிடுகிறோம். அரசியர் ஆணையிட்டவர்கள். இவரோ பிறர் எழுதித் தந்ததைப் படித்துக் காட்டும் தொழிலில் தொடங்கியவர்.

1958இல் தஇஸ் நகரில் பிறந்த அம்மையார், சிறுமியாய் இருந்தபோதே அவ்வூர் வானொலியில் பேசத் தொடங்கினார். கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் செய்தித் தொடர்பியலும், பின்னர் வாஷிங்டனில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசத் தொடர்பியலும் பயின்றார். சன்ஆவில் தொலைக்காட்சி அறிவிப்பாளர், செய்தித் துறை அமைச்சகத்தில் உயர் அதிகாரி, தேசியப் பெண்கள் குழுவின் தலைவர் எனப் படிப்படியாக உயர்ந்து, 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்துக்கு யமனின் தூதராக அனுப்பப்பட்டார். யமன் அனுப்பிய முதற்பெண் தூதர் இவரே.

அறிவிப்பாளர் வேலையை எளிதென்று கருதுவோர் உண்டு. அரபு மொழியில் அது எளிதன்று. கையில் தரப்படும் தாளில் ஹரகத் எனப்படும் உயிர்க்குறிகள் இரா. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று கணத்தில் தெளிந்து, ஈற்றொலியைத் திருத்தமாக உச்சரித்தாக வேண்டும். ஓர் இஃராப் பிழைத்தால் கொன்றவன் கொல்லப்பட்டவனாகிவிடுவான். நஹ்வு கற்ற மாணவரும் அரைநாள் யோசித்து விடை சொல்லும் இடத்தை இவர்கள் மூச்சுவிடாமல் கடக்கிறார்கள். எழுத்தறியாப் பெண்கள் மிகுந்த நாட்டில், அக்குரலே அவர்களுக்குச் செய்தித்தாளாகவும் நூலாகவும் இருந்தது. ‘அலீம்’ என்னும் இறைத்திருநாமமும், செய்தித் துறையைக் குறிக்கும் ‘இஃலாம்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை நாம் ஒரு சுவைக்காகவே குறிப்பிடுகிறோம்.

பெண் தூதரை ‘ஸஃபீர்’ என்பதா, ‘ஸஃபீரா’ என்பதா என்று அரபு ஏடுகளிலும் ஒரு தயக்கம் உண்டு. பதவிப் பெயரை ஆண்பாலிலேயே விட்டுவிடுவது பலருக்குப் பழக்கம். இலக்கணம் தயங்கவில்லை. ‘ஃபயீல்’ என்னும் வாய்பாடு செயப்பட்டவரைக் குறித்தால் பெண்பால் விகுதி ஏலாது. கத்தீல், ஜரீஹ் என்பன போல. செய்பவரைக் குறித்தால் ஏற்கும். இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்பவரே ஸஃபீர் ஆதலின், ஸஃபீரா என்பதே சரி.

இனி நம் மதிப்பீட்டுக்கு வருவோம். 2003இல் அம்மையார் மனித உரிமை அமைச்சராக அமர்ந்தார். அலீ அப்துல்லாஹ் ஸாலிஹின் அரசில் அப்பதவி எத்தகையது? வெளிநாட்டார் கேள்விக்கு அரசின் சார்பில் பதில் சொல்வதும் அவரே. சிறைப்பட்டவரின் உறவினர் முறையிட நாடுவதும் அவரையே. அரசின் குரலாய்ப் பழகிய ஒருவர் அரசுக்கு எதிரான முறையீட்டுக்குச் செவியாகவும் இருத்தல் அரிது. புகழ்ந்து எழுதுவோர் இவ்விடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றனர். தனிப்பட்ட நேர்மையை நாம் ஐயுறவில்லை; பதவியின் அமைப்பையே சொல்கிறோம்.

2005 இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அரபு நாடுகள் பிரிவுக்குத் தலைவராக நியமனம் பெற்று, 2012 வரை அப்பொறுப்பில் இருந்தார். அரபு மனித வளர்ச்சி அறிக்கைகள் அப்பிரிவிலிருந்தே வெளிவந்தன. 2006 டிசம்பரில் வெளியான நான்காம் அறிக்கையின் பொருள் பெண்கள். அப்பணி இவருக்கு முன் அப்பதவியில் இருந்த ஜோர்டானின் ரீமா கலஃப் காலத்திலேயே தொடங்கியது. ஆகவே புகழ் முழுவதையும் இவருக்கே சூட்டுவது முறையன்று. ஆனால் அதன் தலைப்பு நம்மை நிறுத்துகிறது. காஸிம் அமீன் 1899இல் தம் நூலுக்கு வைத்த பெயர் ‘தஹ்ரீருல் மர்ஆ’. 2002இன் முதல் அறிக்கை பேசியது ‘தம்கீன்’ பற்றி. விடுவித்தல், வலுவூட்டல் இரண்டும் பிறவினை. விடுவிப்பவன் ஒருவன் வெளியே நிற்கிறான். நான்காம் அறிக்கை தேர்ந்த சொல் ‘நுஹூள்’, எழுதல். அது தன்வினை. எழுபவள் தானே எழ வேண்டும். ஸர்ஃப் பாடம் நடத்துகிறோம் என்று வாசகர் சலிக்கலாகாது. பெண்ணைப் பற்றிய நூற்றாண்டு விவாதத்தில் நிகழ்ந்த ஒரு திருப்பம் இச்சொல்லில் இருக்கிறது.

2009இன் அறிக்கையில் வேறொரு சோதனை. அதன் முதன்மை ஆசிரியராய் இருந்த முஸ்தஃபா காமில் அஸ்ஸய்யித், தம் குழு எழுதியதை வெளியீட்டுக்கு முன் நிறுவனம் மாற்றிவிட்டதென்று வெளிப்படையாகவே எதிர்த்தார். பிறர் எழுதியதைப் படிப்பவராகத் தொடங்கியவர், பிறர் எழுதியதன்மேல் அதிகாரம் உடைய அலுவலகத்தின் தலைமையில் இருந்தார். அம்மாற்றங்களில் அவர் கை எவ்வளவு என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் வெளியீட்டுக்கு ஒப்பம் தரும் இடத்தில் இருப்பவர் அந்தச் சர்ச்சைக்கு அயலாராகிவிட முடியாது என்பதே நம் கருத்து.

2013 மார்ச்சில் சன்ஆவில் கூடிய 565 பேர் கொண்ட தேசிய உரையாடல் மாநாட்டில் அம்மையாரும் உறுப்பினர். பெண்களுக்கு அங்கு 30 விழுக்காடு இடம் வகுக்கப்பட்டிருந்தது. நாம் அறிந்தவரை, அவர் வாழ்வில் மிக உயர்ந்த கட்டம் இதுவே. நெதர்லாந்தின் தூதகமும் நியூயார்க்கின் அலுவலகமும் இதற்குப் பின்னரே எண்ணத்தக்கன. அங்கு அவர் எவருடைய தாளையும் படிக்கவில்லை. பழங்குடித் தலைவர்களும், தெற்கத்தியரும், ஹூதிகளும் இருந்த அவையில் தம் சொல்லைத் தாமே வைத்து வாதாடும் இடம் அது. திருமணத்துக்குக் குறைந்த வயது 18 என்பதும், அரசு அமைப்புகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு என்பதும் அம்மாநாட்டின் பரிந்துரைகளில் இடம்பெற்றன.

2014 ஜனவரியில் மாநாடு முடிந்தது. செப்டம்பரில் சன்ஆ ஹூதிகள் வசமாயிற்று. அப்பரிந்துரைகளைக் கொண்டு வரையப்பட்ட அரசியல் சட்டம் 2015 ஜனவரியில் ஆயத்தமாகியும் மக்கள் வாக்குக்கு வரவில்லை. அதே ஆண்டில் தஇஸ் போர்முனையாயிற்று.