காலும் காலும் எவ்வளவு?

ஒரு சின்னப் பரீட்சையோடு ஆரம்பிக்கலாம். பயப்படாதீர்கள், மார்க்கை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

கேள்வி ஒன்று: கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவர் யார்? அ) முதலாம் ராஜராஜன், ஆ) முதலாம் ராஜேந்திரன், இ) முதலாம் குலோத்துங்கன், ஈ) கரிகாலன்.

'ஆ' என்று டிக் அடித்திருப்பீர்கள். சரி, ஒரு மார்க். சரித்திரப் புத்தகத்தையே திறக்காதவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நாலில் ஒரு தடவை இதே ஒரு மார்க் கிடைக்கும்.

கேள்வி இரண்டு: தஞ்சாவூரில் அப்பா கட்டிய அவ்வளவு பெரிய கோயில் இருக்கிறது. ஊர் இருக்கிறது, சுற்றிலும் பொன் விளையும் பூமி. மகன் எதற்காக அதையெல்லாம் விட்டுவிட்டுக் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே வந்து, 1025 வாக்கில் ஒரு புதுத் தலைநகரம் கட்டி, சோழகங்கம் என்று ஒரு பிரம்மாண்டமான ஏரியை வெட்டினான்?

இதற்கு அ, ஆ, இ, ஈ கிடையாது. வடக்கே படை நடத்த வசதி என்று ஒரு மாணவன் எழுதலாம். காய்ந்த பூமிக்குத் தண்ணீர் கொண்டுவர என்று இன்னொருத்தி எழுதலாம். அப்பா பேரைத் தாண்டித் தன் பேர் நிற்க வேண்டும் என்கிற ஆசை என்று மூன்றாமவன் எழுதலாம். காரணத்தோடு எழுதினால் மூன்று பேருக்குமே மார்க் போடலாம்.

முதல் கேள்வியைத் திருத்தக் கம்ப்யூட்டர் போதும். இரண்டாவதற்கு ஒரு வாத்தியார் வேண்டும். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பரீட்சையை ஆன்லைன் மென்பொருளிடம் ஒப்படைத்துவரும் இந்த நாளில், அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

முதலில் மென்பொருளுக்குச் சேரவேண்டிய நல்ல வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர், ஆளுக்கு இருபத்தைந்து கேள்வி. மொத்தம் 5,000 விடைகள். சிவப்புப் பேனாவோடு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்த டீச்சருக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும். மென்பொருள் இதைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். கேள்விகளை ஒரு வங்கியில் போட்டு வைக்கலாம். திங்கட்கிழமை பத்து மணிக்குத் திற, பத்தே முக்காலுக்கு மூடு என்று நேரம் குறிக்கலாம். பக்கத்து சீட் பையனைப் பார்த்து எழுத முடியாதபடி வரிசையைக் கலைத்துப் போடலாம். இதற்குப் பணம்கூட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூஜியாமாஸ் என்பவர் 2002-ல் வெளியிட்ட 'மூடில்' இலவசம். கூகுள் ஃபார்ம்ஸில் 2016-லிருந்து வினாடி வினா நடத்தி, தானாகவே மார்க் போட வைக்கலாம்.

ஆகவே ஆன்லைன் பரீட்சையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. என் புகார் வேறு. திருத்துவதற்குச் சுலபமான கேள்வியே நாளடைவில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி ஆகிவிடுகிறது.

இது இன்டர்நெட்டுக்கு ரொம்ப முந்தைய வியாதி. அமெரிக்காவில் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை 1915 வாக்கிலேயே வந்துவிட்டது. 1938-ல் ஐ.பி.எம். கம்பெனி அதைத் திருத்த ஒரு மெஷின் விற்றது. பென்சில் கோட்டில் இருக்கும் கிராஃபைட் வழியே மின்சாரம் பாயும், அதை வைத்து எத்தனை சரி என்று முள் காட்டும். கண்டுபிடித்தவர் ரெனால்ட் ஜான்சன், மிச்சிகனில் ஒரு ஹைஸ்கூல் வாத்தியார். (இவர் தலைமையில்தான் பிற்பாடு 1956-ல் முதல் ஹார்ட் டிஸ்க்கும் வந்தது.) விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிய ஒரு வாத்தியார் தன் கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த வழி அது. தப்பில்லை. ஆனால் மெஷின் வந்தபிறகு, அது படிக்கக்கூடிய மாதிரி விடை இருக்கவேண்டும் என்றாயிற்று. விடை அப்படி இருக்கவேண்டுமானால் கேள்வியும் அப்படி.

*

நாலில் ஒன்று வேண்டாம், ஒரு வார்த்தையில் டைப் அடிக்கச் சொல்லலாமே என்பீர்கள். தமிழில் அடித்துப் பாருங்கள், வேடிக்கை தெரியும்.

'முதலாம் ராஜேந்திரன்' என்று டீச்சர் விடை கொடுத்து வைத்திருக்கிறார். ஒரு பையன் 'இராசேந்திரன்' என்கிறான். ஒரு பெண் 'ராஜேந்திர சோழன்' என்கிறாள். இன்னொருத்தன் 'கங்கைகொண்டான்' என்று பட்டப்பேரையே போட்டுவிடுகிறான். மூன்றும் சரி. டீச்சர் இந்த மூன்றையும் முன்கூட்டி யோசித்துப் பட்டியலில் சேர்க்காவிட்டால் மூன்றும் சைபர்.

இதைவிட நுட்பமான வில்லங்கம் ஒன்று உண்டு. 'சோழன்' என்கிறபோது 'சோ' எழுத்தில் இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறி இருக்கிறதல்லவா? யூனிகோடில் அதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு எண்கள். இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடில் அதைச் செய்கிறது. செய்யாத மென்பொருளில் மாட்டிக்கொண்ட குழந்தை, சரியாக எழுதியும் தப்பு வாங்கும். ஏன் தப்பு என்று டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. 'கங்கைகொண்ட சோழபுரம்' என்கிற ஒரே ஊர்ப்பேரில் இந்த மாதிரிக் குறி இரண்டு இடத்தில் வருகிறது.

*

திருத்துவது போகட்டும், கண்காணிப்பு? கொரோனா காலத்தில் பார்த்தோமே. அண்ணா பல்கலைக்கழகம் நவம்பர்-டிசம்பர் 2020-க்கான செமஸ்டர் பரீட்சைகளை 2021 தொடக்கத்தில் ஆன்லைனில் நடத்தியது. வீட்டில் எழுதும் மாணவனைக் கேமரா வழியே மென்பொருள் கண்காணித்தது. ரிசல்ட் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு மார்க் நிறுத்திவைப்பு அல்லது ஃபெயில். தலையைத் திருப்பியதையும் வீட்டில் கேட்ட சத்தத்தையும் காப்பி அடித்ததாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். மே மாதம் புதிய அரசு வந்ததும், அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே கூடம். ஒரு பக்கம் டி.வி., ஒரு பக்கம் பாட்டி, வாசலில் கீரைக்காரம்மா. தனி அறையும் மூடிய கதவும் இருக்கிற வீட்டை மனசில் வைத்துச் செய்த மென்பொருளுக்கு, தனி அறை இல்லாத மாணவன் பார்வைக்கே சந்தேகத்துக்குரியவன்.

ஆரம்பப் பள்ளிக்கும் வருவோம். தமிழக அரசு 2022-ல் ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, நிலைக்குத் தகுந்தபடி மதிப்பிடுகிறார்கள். அழகான யோசனை. ஆனால் மதிப்பீடு செயலி வழியே. சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் டீச்சர் போனைப் பார்ப்பாரா, பிள்ளையைப் பார்ப்பாரா? இணையப் பதிவேற்ற வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் போராடியதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையைக் குறைக்க வந்த சாதனம் வேலையைக் கூட்டினால், அப்புறம் அது எதற்கு?

*

இதெல்லாம் வெறும் சௌகரியக் குறைச்சல் என்று நினைத்தால், இதே அரியலூர் மாவட்டத்தின் குழுமூர் கிராமத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 2017-ல் பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176. பக்கம் பக்கமாக எழுதி வாங்கிய மார்க். அதே வருஷம் நீட் தேர்வில் 720-க்கு 86. வட்டத்தைக் கறுப்பாக்கும் பரீட்சை, சரியானால் நாலு, தப்பானால் மைனஸ் ஒன்று. 2017 செப்டம்பர் 1-ம் தேதி அந்தப் பெண் நம்மிடையே இல்லை. இன்றைக்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயர்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்கிற பட்டிமன்றத்துக்குள் இந்தப் பக்கத்தில் போகவில்லை. நான் கேட்பது சின்னக் கேள்வி. ஒரே பெண்ணை, ஒரே வருஷத்தில், இரண்டு நாடாவால் அளந்தார்கள். ஒன்று 98 சதவிகிதம் என்கிறது, இன்னொன்று 12 என்கிறது. இரண்டும் எதை அளந்தன? தெரிந்ததையா, அல்லது அந்த வகைப் பரீட்சையில் பழக்கத்தையா? வசதியுள்ள பிள்ளைகள் கோச்சிங் சென்டரின் ஆன்லைன் மாதிரித் தேர்வுகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுகிறார்கள். அங்கே மென்பொருள் கற்றுக்கொடுப்பதில் பாதி உயிரியல், பாதி 'எந்த வட்டத்தை விட்டுவிட வேண்டும்' என்கிற வித்தை. எண் ஒன்று திரையில் வந்துவிட்டால் அதைக் கேள்வி கேட்க நமக்குத் தைரியம் வருவதில்லை. ஆபத்து அங்கேதான்.

*

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன்.

கால் கூட்டல் கால் எவ்வளவு? ஒன்றின் கீழ் நாலு, கூட்டல், ஒன்றின் கீழ் நாலு. ஒரு பையன் இரண்டின் கீழ் எட்டு என்று போடுகிறான். மென்பொருள் சிவப்பில் பெருக்கல் குறி காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அதன் வேலை முடிந்தது. வாத்தியாரின் வேலை அங்கேதான் ஆரம்பம்.

"ஏன்டா தம்பி, எட்டு எப்படி வந்துச்சு?"

"கீழ இருக்கறதையும் கூட்டணும்ல சார்?"

"சரி, கடைல கால் கிலோ வெல்லம் வாங்குற. பத்தலைன்னு அம்மா இன்னொரு கால் கிலோ வாங்கிட்டு வரச் சொல்றாங்க. மொத்தம் எவ்வளவு?"

"அரைக் கிலோ சார்."

சொல்லிவிட்டுப் பையன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழிப்பான். அந்த விழிப்புக்குப் பேர்தான் கல்வி. கடையில் தெரிந்த கணக்குக்கும் காகிதத்தில் வரும் கணக்குக்கும் ஒரு பாலம் விழுந்துவிட்டது. அந்தத் தப்பு விடை இல்லாவிட்டால் பாலத்தை எங்கே போடுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், மென்பொருளால் இதற்கு உதவ முடியும். நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் இரண்டின் கீழ் எட்டு என்று போட்டால், அதை அது எண்ணிச் சொல்லும். ஒரு கேள்வி எவ்வளவு சுலபம், நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்றுகூட மூடிலில் அறிக்கை எடுக்கலாம். ஒவ்வொரு தப்பு விடையையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்துக்குத் தகுந்தபடி யோசித்து வைத்த டீச்சருக்கு அந்த அறிக்கை ஒரு புதையல். சிக்கல் என்னவென்றால், தலைமையாசிரியர் கேட்பது சராசரி. மேலதிகாரி கேட்பது சதவிகிதம். அப்பா கேட்பது ரேங்க். புதையல் இருக்கும் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை.

உ.வே.சாமிநாதையர் சின்ன வயதில் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தவர். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேரப் போனபோது ஒரு பரீட்சை நடந்தது. நைடதத்தில் ஒரு பாடல் சொல்லச் சொன்னார், பொருள் கேட்டார், நிகண்டு பாடம் உண்டா என்று விசாரித்தார். ஒரு விடையைக் கேட்டு அதிலிருந்து அடுத்த கேள்வி. எத்தனைக்கு எத்தனை என்று மார்க் கிடையாது. பையனுக்கு எது தெரியும், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆசிரியருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பரீட்சைக்கு அதைவிடப் பெரிய உபயோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் என்றால் அது முடியும், நாற்பது பேரை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்பீர்கள். நியாயம். அதற்காகத்தான் மெஷின் வேண்டும் என்கிறேன். 5,000 விடைகளை அது திருத்தட்டும். மிச்சமான ஞாயிற்றுக்கிழமையை டீச்சர் அந்த இருபத்திரண்டு பேருக்காகச் செலவழிக்கட்டும். மிச்சமாகும் நேரத்தில் இன்னும் இரண்டு பரீட்சையும் நாலு பதிவேற்றமும் போட்டால் பழைய சிவப்புப் பேனாவே தேவலை.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு மென்பொருள் வந்திருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். தமிழில் டைப் அடித்த சரியான விடைக்கு மார்க் விழுகிறதா? மெஷின் போட்ட மார்க் தப்பென்று தோன்றினால் மாற்றும் அதிகாரம் டீச்சருக்கு உண்டா? தப்பாகப் போன கேள்விகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச டைம் டேபிளில் ஒரு பீரியட் இருக்கிறதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாகப் பணம் கட்டுங்கள். மூன்றாவதற்கு 'இல்லை' என்றால், கால் கிலோ வெல்லத்தை வைத்து அந்தப் பாடத்தை நீங்களே வீட்டில் நடத்திவிடுங்கள்.