வாய்வழி நிரப்பும் ரவைத் துப்பாக்கி: எதைப் பார்த்து ரசிப்பது?

வாய்வழியே மருந்தும் ஈய ரவையும் நிரப்பிச் சுடும் பழைய வேட்டைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ரைஃபிளின் உட்புறத்தில் திருகாக ஓடும் பள்ளங்கள் ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. அதே பள்ளங்களின் வழியே ரவையை அனுப்பினால், சுழற்சி அதை வெளிப்பக்கமாக எறிந்துவிடும். ரவைகள் வளையமாகப் பரவி நடுவில் வெற்றிடம் விழும். பறக்கும் பறவைக்கு வழவழப்பான குழலே ஏற்றது.

இந்தக் கலையின் உச்சம் 1780 முதல் 1860 வரையிலான ஆங்கிலேயத் துப்பாக்கிகள். அதற்கு முந்தைய குழல்கள் 40 அங்குலம் வரை நீண்டவை. ஹென்றி நாக் 1787இல் காப்புரிமை பெற்ற அடிப்பகுதி அமைப்பில், பின்னாலுள்ள சிற்றறையில் எழும் தீ முழு மருந்தையும் விரைவாகப் பற்றவைத்தது. குழலின் நீளம் 30 அங்குல அளவுக்குக் குறைந்தது. இரட்டைக் குழல் கைக்கு அடங்கியது. அந்த இரட்டைக் குழலைச் செம்மைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் லண்டன் கைவினைஞர் ஜோசப் மேன்டன். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் போன்ற அருங்காட்சியகத்தில் இத்தகைய துப்பாக்கியைக் காண்பவர் முதலில் குழலின் தடிப்பைப் பார்க்க வேண்டும். அடியில் கனத்து, வாயருகே வியப்பூட்டும் அளவுக்கு மெலிந்திருக்கும். எடை இரு கைகளுக்கு இடையே நிற்பதற்கான ஏற்பாடு அது. அடுத்தது குழலின் மேல் ஓடும் சுருள் கோலம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய தடம் அது. அமிலம் பூசித்தான் வெளிக்கொணர்வார்கள். கட்டையிலுள்ள வெள்ளி வேலைப்பாட்டில் கண் முதலில் போவது இயல்புதான், ஆனால் அது வாங்கியவரின் பணத்தைச் சொல்லும். குழல்தான் செய்தவரின் கையைச் சொல்லும்.

சுடும் பொறியின் தரத்தைக் காதால் அறியலாம். குதிரை என்னும் சுத்தியில் பிடித்த சக்கிமுக்கிக் கல் தீப்பொறி தட்டி, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியின் மருந்து பற்றி, தீ பக்கத் துளை வழியே உள்ளே போக நேரமாகும். மட்டமான பொறியில் இரண்டு ஓசைகள் தனித்தனியாகக் கேட்கும். நல்லதில் ஒன்றாகவே கேட்கும். கிண்ணியின் பளிச்சிடலில் பறவைகள் மிரண்டு விலகுவதைக் கண்ட ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த செப்புக் கேப்புகளுக்கு, அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு மூடிகளுக்கு, அதுவே மூலம்.

ரசனைக்கு அதிகம் இடமுள்ளது நிரப்பும் முறையில். தோட்டாத் துப்பாக்கிக்காரர் கடையில் வாங்குவதை வாய்வழி நிரப்புபவர் குழலுக்குள்ளேயே செய்கிறார். கரிமருந்து, அதன்மேல் கெட்டியான அட்டைத் தக்கை, கொழுப்பூட்டிய கம்பளித் தக்கை, ரவை, கடைசியாக மெல்லிய அட்டை. கொழுப்பு கரிப்படிவை இளக்கும். மேல் அட்டை தடித்தால், வெளியேறும் ரவைக்கூட்டத்தின் நடுவே மோதி அதைக் கலைக்கும். பன்னிரண்டு போர் குழலில், அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் வார்த்த 12 சம உருண்டைகளில் ஒன்றின் விட்டமான 18.5 மி.மீ. குழலில், மருந்துக்கும் ரவைக்கும் ஒரே அளவுக் குவளை போதும். மருந்து ஏறக்குறைய 5 கிராம் பிடிக்கும் குவளையில் ஈயம் 32 கிராம் வரை பிடிக்கும். அதிக மருந்து போட்டால் தூரம் கூடும் என்று தோன்றும். உண்மையில் ரவை சிதறி, நடுவே ஓட்டை விழும். திணிகோலில் கீறிய கோடு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும். இரட்டைக் குழலில் ஒன்றைச் சுட்ட அதிர்வில் மற்றதன் தக்கை முன்னே நகரக்கூடும். தேர்ந்தவர் குதிரையைப் பாதுகாப்பான நிலைக்கு இறக்கிவிட்டு, திணிகோலால் அதையும் அழுத்திப் பார்க்கத் தவறமாட்டார்.

ரவையின் உருண்டை வடிவமும் கவனத்துக்குரியது. பிரிஸ்டல் நகரின் வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை பெற்ற முறையில், ஆர்செனிக் சிறிது கலந்த ஈயக்குழம்பு உயரத்திலிருந்து சல்லடை வழியே விழுந்து, வழியிலேயே உருண்டு, நீரில் இறுகும். கோணலான ரவை கோணலாகவே பறக்கும்.

எல்லாவற்றுக்கும் தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. வழக்கமான சோதனையில் 40 கஜத்தில் பெரிய தாளைச் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுவார்கள். வாயருகே குறுகாத குழலில் 40 சதவீதம் வட்டத்துக்குள் வந்தாலே நன்று. ஆங்கில 6ஆம் எண் ரவை 32 கிராமில் சுமார் 300 இருக்கும். வட்டத்துக்குள் 120 விழும். எண்ணிக்கையைவிடப் பரவலே முக்கியம்: பறவை தப்பும் அளவுக்கு இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. வாயைக் குறுக்கி ரவையை நெருக்கும் உத்தி 1870களில்தான் பரவலானது. அதனால் இந்தத் துப்பாக்கிகளின் இயல்பான தூரம் 25 முதல் 30 கஜம்.

இன்றும் பன்னாட்டுப் போட்டிகளில் இவற்றால் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறார்கள். கல் பொறிப் பிரிவுக்கு மேன்டனின் பெயர். கேப்புப் பிரிவுக்கு இத்தாலியக் கைவினைஞர் லோரென்சோனியின் பெயர். கல் பொறிக்காரர் விசையை இழுத்த பிறகும் குழலைத் தட்டின் போக்கிலேயே நகர்த்திக்கொண்டிருப்பார். கை நின்றால் ரவை பின்னால் போய்விடும். பார்வையாளர் காற்றுவரும் பக்கம் நின்றால், புகை மறைக்காமல் அந்தக் கை ஓட்டத்தை முழுதும் பார்க்கலாம்.