முறையீடும் ஒப்படைப்பும்: எபிரேயப் புலம்பற் பாடல்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள்

எபிரேய விவிலியத்தின் 150 திருப்பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சார்ந்தவை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் இவ்வகைமையை வரையறுத்த காலந்தொட்டு, விளி, முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கை என்பன இதன் உறுப்புகளாகக் கொள்ளப்பட்டு வருகின்றன. இவற்றுள் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் திணறச் செய்வது முறையீடே. துதியைப் பெயர்ப்பதில் தவறு நேரின் பாடலின் அழகு குன்றும். முறையீட்டைப் பெயர்ப்பதில் தவறு நேரினோ, துன்புறுவோர் இறைவன் முன் எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் வரம்பே மாறிவிடும். மெலிந்த மொழிபெயர்ப்பைப் படித்து வழிபடக் கற்றவர், மெலிந்த சொற்களையே தம் துயருக்கும் உரியனவாகக் கொள்வார்.

88ஆம் பாடலை முதலில் நோக்கலாம். புலம்பற் பாடல்களுள் பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கையின் பக்கம் திரும்புவன, இப்பாடல் திரும்புவதில்லை. இதன் எபிரேய மூலம் 'இருள்' என்னும் பொருளுடைய பெயர்ச்சொல்லில் முடிகிறது. அந்த இறுதித் தொடரில் வினை இல்லை; அறிமுகமானோரைக் குறிக்கும் சொல்லும் இருளைக் குறிக்கும் சொல்லும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலம் இங்கு ஒரு வினையைத் தேடி அலைய வேண்டும். தமிழுக்கு அத்தேவை இல்லை. எழுவாயும் பெயர்ப்பயனிலையும் வினையின்றி இயைந்து தொடராதல் தமிழின் இயல்பு. ஆகவே இருளை ஈற்றில் நிறுத்தும் வாய்ப்பு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எளிதாகவே கிட்டுகிறது. அவ்வாய்ப்பை விடுத்து, 'ஆகிவிட்டது', 'சூழ்ந்துள்ளது' என ஒரு வினையைச் சேர்த்து முடிப்பது இலக்கணப் பிழையன்று. எனினும் மூலத்தில் முடிவின்றி நின்ற இருள், அவ்வினையால் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது.

மரியாதைப் பன்மையைப் பற்றிய வாதம் பழையது. எபிரேயத்தில் இறைவன் முன்னிலை ஒருமையில் விளிக்கப்படுகிறான். தமிழ்க் கிறித்தவ மரபு 'நீர்' எனப் பன்மையிலேயே விளிக்கிறது. இதனால் முறையீட்டின் கூர்மை மழுங்குகிறது என்று கருதுவோர் உளர். சுந்தரரின் திருவாரூர்ப் பதிகங்களுள் ஒன்று இக்கருத்துக்கு மறுப்பாக அமைகிறது. கண்ணிழந்த நிலையில் பாடப்பட்டதாக மரபு கூறும் அப்பதிகம், இறைவனை முன்னிலைப் பன்மையில் விளித்தே தன் மனக்குறையைக் கொட்டித் தீர்க்கிறது. அங்கே மரியாதை விகுதி பணிவின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. நெருங்கியவர் மனம் நொந்து திடீரென விலகி நின்று பேசுங்கால் வரும் பன்மை அது. எனவே குறை 'நீர்' என்பதில் இல்லை. 'மறந்தீரோ' என நேரே வினவ வேண்டிய இடத்தில் 'மறக்கப்பட்டேனோ' எனச் செயப்பாட்டு வினையை இடுவதில்தான் குறை உள்ளது. அங்கு வினைமுதல் மறைந்து, குற்றம் சாட்டப்பட வேண்டியவரே தொடரைவிட்டு நீங்கிவிடுகிறார்.

இவ்வச்சம் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் உரியதன்று. இறைவனை உறக்கத்தினின்று எழுமாறு அழைக்கும் 44ஆம் பாடலின் அடியை லேவியர் கோயிலில் நாள்தோறும் ஓதிவந்த வழக்கத்தைத் தலைமைக் குரு யோகானான் நிறுத்தினார் என்பது மிஷ்னா தரும் செய்தி. இறைவனுக்கு உறக்கம் உண்டோ என்னும் வினாவை எழுப்பித் தால்முத் அதற்கு விளக்கம் கூறுகிறது. அண்மைக் காலத்திலும், 1971இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலைச் சீரமைப்பில் 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்கள் முற்றாக விடப்பட்டன. 88ஆம் பாடல் தப்பியது. வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் அது இன்றும் ஓதப்படுகிறது.

வழிபாட்டைக் குறிக்கும் சொற்களும் கருதத்தக்கன. 'செபம்' அல்லது 'ஜெபம்' வடமொழி வழியாக வந்தது. மென்குரலில் திரும்பத் திரும்ப உருவேற்றுதல் என்பது அதன் அடிப்பொருள். புலம்பற் பாடல்களின் இயல்புக்கு இச்சொல் பொருந்துவதன்று. 'மன்றாட்டு' என்பதோ மன்று என்னும் அவையை உள்ளடக்கியது. மன்று வழக்குத் தீர்க்கும் இடமுமாகும். எபிரேயத்தில் வேண்டுதலைக் குறிக்கும் 'தெஃபில்லா' என்னும் சொல்லின் வேரும் நடுவரைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது எனப் பலர் கருதுவர். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே வேண்டுதலை வழக்காடு களத்துக்கு அருகில் வைத்திருப்பது வியப்புக்குரியது. 'மன்றாட்டு' இன்று கெஞ்சுதல் என்னும் பொருளில் மட்டும் வழங்குவது, சொல்லின் ஒரு பாதியை இழந்த நிலையே.

ஒப்படைப்பைக் குறிக்கும் சொல்லில் சிக்கல் மேலும் நுட்பமானது. 37ஆம் பாடலில் வழியை இறைவனிடம் விடுமாறு கூறுமிடத்து வரும் வினை 'காலல்'. இதற்கு 'உருட்டு' என்பது பொருள். தொடக்கநூலில் யாக்கோபு கிணற்றின் வாயிலிருந்த கல்லைப் புரட்டுமிடத்தும் இதே வினைதான். தனியொருவரால் சுமக்க இயலாத பாரத்தைப் புரட்டித் தள்ளுதலே இங்குச் சரணாகதி. 1871இல் வெளிவந்த போவரின் மொழிபெயர்ப்பு வழி நிலைபெற்ற 'ஒப்புவி' என்னும் சொல்லில் இப்பாரம் தெரிவதில்லை. பள்ளி மாணவர் பாடம் ஒப்புவிப்பதற்கும் இன்று அச்சொல்லே வழங்குகிறது என்பதும் நினைக்கத்தக்கது. 'மேல் ஏற்று', 'இறக்கி வை' போன்ற எளிய வினைகள் மூலத்தின் உடலுழைப்பை நன்கு காட்டும். மேலும், 22ஆம் பாடலில் இதே வினை துன்புறுவோனை எள்ளி நகையாடுவோரின் வாயில் வருகிறது. இரண்டிடத்தும் ஒரே தமிழ்ச்சொல்லை ஆளாவிடின், பகைவர் எள்ளுவது எதனை என்பது வாசகருக்குப் புலப்படாது போகும்.

இனி 13ஆம் பாடல். 'எதுவரை' என நான்கு முறை வினவிய பின், அப்பாடல் ஓர் இணைப்பிடைச்சொல்லும் தன்மைப் பெயரும் சேர்ந்த 'வஅனி' என்னும் சொல்லால் திரும்புகிறது. பலர் இதனை 'ஆனால்' எனத் தொடங்குவர். 'ஆனால்' முன்னர்க் கூறியதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசும் தொனியை உடையது. நான்கு வினாக்களும் விடை பெற்றுவிட்டன போன்ற தோற்றத்தை அது தருகிறது. மூலத்தில் அவற்றுள் ஒன்றுக்கும் விடை இல்லை. 'நானோ' எனப் பிரிநிலை ஓகாரத்தைப் பெயரோடு சேர்த்தால், வினாக்கள் அப்படியே நிற்க, வினவியவர் மட்டும் தம் இடத்தைத் தெரிந்து கொள்கிறார். எபிரேயத் தொடரின் அமைப்பும் அதுவே.