24 மாதக் கணக்கு

1944இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எலும்பு மஜ்ஜையில் பெருகும் புற்றணுக்கள் ஐ.ஜி.எம். என்ற பெரிய புரதத்தைக் கட்டுக்கடங்காமல் சுரக்கும். இரத்தம் தடித்து மூக்கில் கசியும், பார்வை மங்கும். ஆனாலும் நிதானமாக நகரும் நோய். பத்தாண்டுக்கு மேல் வாழ்பவர்கள் பலர்.

இந்த நிதானம் ஆய்வாளருக்குச் சங்கடம். ஒரு புதிய மருந்து ஆயுளைக் கூட்டுகிறதா என்றறிய எவ்வளவு காலம் காத்திருப்பது? குறுக்குவழியாகக் கிடைத்ததுதான் 24 மாதக் கணக்கு: முதல் சிகிச்சைக்குப் பின் இரண்டாண்டுக்குள் நோய் திரும்பியதா, இல்லையா? இதை இரவல் தந்தது ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற, இதேபோல் மெதுவாக நகரும் நிணநீர்ப் புற்றுநோய். அந்நோய் பற்றி 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படித் திரும்பியிருந்தது. அவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் சுமார் 50%; மற்றவர்களில் சுமார் 90%. வால்டன்ஸ்ட்ரோம் நோயாளிகளின் பழைய பதிவுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. சீக்கிரம் திரும்புவது முரட்டு நோய் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எதை வைத்துத் திரும்பியதாக முடிவுகட்டுகிறோம் என்பதில்தான் தயக்கம். ஐ.ஜி.எம். தன் மிகக் குறைந்த அளவிலிருந்து 25% ஏறி, மறுபரிசோதனையிலும் உறுதிப்பட்டால், நோய் வளர்ந்ததாகப் பதிவாகலாம். ஆனால் இந்நோய்க்குத் தரப்படும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைத் தொடங்கியதும் பலருக்கு இப்புரதம் தற்காலிகமாக ஏறும். அது மருந்து தோற்றதன் அடையாளமல்ல. ஐப்ருட்டினிப் என்ற இன்னொரு மருந்தை அறுவை சிகிச்சைக்காகச் சில நாள் நிறுத்தினாலும் அளவு துள்ளக்கூடும். எண் மட்டும் ஏறி ஆள் நலமாக இருந்தால், பெரும்பாலும் மருத்துவர்கள் உடனே மறுசிகிச்சைக்குப் போவதுமில்லை. இரத்தச்சோகையில் துவள்பவரையும் ஆய்வகத் தாளில் மட்டும் 'மோசமானவரை'யும் ஒரே பட்டியலில் அடைத்தால், அங்கிருந்து பிறக்கும் ஆயுள் கணிப்பு இருவருக்கும் பொருந்தாது.

நாள்தோறும் விழுங்கும் ஐப்ருட்டினிப்பும் ஆறு மாதத்தில் முடியும் கீமோவும் ஒரே கடிகாரத்தில் அளக்கப்படுவது இன்னொரு கோளாறு. முன்னதில் இரண்டாண்டுக்குள் நோய் வளர்ந்தால் மருந்து கையிலிருக்கும்போதே தோற்றது என்று பொருள். பின்னதில் மருந்து நின்று ஓராண்டுக்கு மேலும் ஆகியிருக்கலாம்.

எந்த மருந்துக்கு ஆய்வில் முன்னுரிமை தருவது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். சிகிச்சையின் முதல் நாளில் "எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பவருக்கு உதவாது, விடை தெரிய இரண்டாண்டு ஆகும். நோய் உண்மையிலேயே சீக்கிரம் திரும்பிவிட்டவரிடமோ, தேதியைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிடத் திசு எடுத்துப் பார்ப்பது மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெண்டாமுஸ்டின் என்ற கீமோ மருந்தும் ரிட்டுக்சிமாபும் பெற்ற ஃபாலிகுலர் நோயாளிகளில், இப்படிச் சீக்கிரம் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வேகமான லிம்ஃபோமாவாக உருமாறியிருந்தது. வால்டன்ஸ்ட்ரோமிலும் சிலருக்கு அந்த உருமாற்றம் நேர்கிறது. அதற்கான சிகிச்சையே வேறு.